கேமராவோடு நிதானமாக: வால்பரைசோவும் நம் தூத்துக்குடியும்

(நம் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேரம் தாண்டினால் அன்றைய கணக்கு டேலி ஆகாது என்பது எனக்குத் தெரியும், கவலைப்படாதீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு நான் கேமராவும் கையுமாக அலைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லிஃப்டில் பார்த்து, "என்ன சார், கல்யாண ஆர்டரா?" என்று கேட்டவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆர்டர் எதுவும் இல்லை. நம் ஊரைத்தான் சுற்றுகிறேன். இன்று அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் நம் ஊருக்கு வருவதற்கு முன்னால், ரொம்ப தூரத்தில் இருக்கிற இன்னொரு துறைமுக ஊருக்கு உங்களை ஒரு நடை கூட்டிப்போக வேண்டும்.

தென் அமெரிக்காவில், சிலி நாட்டில், பசிபிக் கடலோரம் வால்பரைசோ என்று ஒரு ஊர். கடலை ஒட்டிக் கொஞ்சம் சமதரை, அதற்குப் பின்னால் எல்லாம் குன்றுகள். குன்றுகளின் மேல் வரிசை வரிசையாக வீடுகள், நூற்றுக்கணக்கில் படிக்கட்டுகள். சரிவில் தண்டவாளம் போட்டு, அதில் ஏறி இறங்கும் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். அதில் முதலாவது 1883ல் ஓடத் தொடங்கியது. (அதற்கு மெயின்டெனன்ஸ் யார் கட்டுகிறார்கள் என்று பொருளாளர் கேட்க வேண்டாம்.) ஒரு காலத்தில் அட்லாண்டிக் கடலிலிருந்து பசிபிக் கடலுக்கு வரும் கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றித்தான் வர வேண்டும். வருகிற கப்பல்கள் நின்று தண்ணீரும் கரியும் ஏற்றிக்கொள்ளும் ஊர் வால்பரைசோ. நல்ல வசதியாக இருந்தது. 1914 ஆகஸ்டில் பனாமா கால்வாய் திறந்தார்கள். கப்பல்கள் குறுக்கு வழியில் போக ஆரம்பித்தன. ஊரின் செழிப்பு மெல்ல இறங்கியது.

அதே 1914, பிப்ரவரி மாதம். இங்கே பாம்பன் பாலம் திறந்தார்கள். அதுவரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்துதான் கப்பல் ஏறுவார். பாலம் வந்ததும் அந்தக் கூட்டம் தனுஷ்கோடி பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு துறைமுகங்கள், உலகத்தின் இரண்டு பக்கங்களில், ஒரே வருடத்தில் தங்கள் பயணிகளையும் கப்பல்களையும் இன்னொரு வழிக்குப் பறிகொடுத்தன. இதைப் படித்த அன்றிலிருந்து வால்பரைசோ எனக்கு அந்நிய ஊராகத் தோன்றவில்லை. நமக்காவது 1974ல் புதிய துறைமுகம் வந்தது.

அந்த வால்பரைசோவைப் படமெடுத்தவர் செர்ஜியோ லரைன். 1931ல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பிறந்தவர். காட்டியல் படிக்க அமெரிக்கா போனவர் கேமராவோடு திரும்பினார். 1950களிலும் 60களிலும் வால்பரைசோவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். பத்திரிகைக்காரர் போல வந்து, எடுத்து, போய்விடுகிற ஆள் இல்லை. அதே படிக்கட்டு, அதே சாராயக் கடை, அதே தெரு நாய்கள். 1952ல் அவர் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு சந்துப் படிக்கட்டில் இரண்டு சிறுமிகள் இறங்குகிறார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி குட்டையாக வெட்டிய முடி. ஒருத்தி வெயிலும் நிழலும் சந்திக்கிற இடத்தில், இன்னொருத்தி கொஞ்சம் தள்ளி. அவ்வளவுதான் படம். கோபுரம் இல்லை, சூரிய உதயம் இல்லை. ஆனால் அந்த ஊரில் பிள்ளைகள் எப்படி நடந்தார்கள், சுவர் எப்படி இருந்தது, மத்தியான வெயில் எங்கே விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

லரைன் உலகத்தின் பெரிய புகைப்படக் கூட்டமைப்பான மேக்னத்தில் உறுப்பினராகவும் ஆனார். பிறகு அந்தப் பேரும் புகழும் வேண்டாம் என்று ஒரு கிராமத்தில் போய் தியானம், யோகா என்று வாழ்ந்து 2012ல் காலமானார். அவருடைய வால்பரைசோ புத்தகம் வெளியானது 1991ல். 1950களில் எடுக்கத் தொடங்கிய படங்கள்! நம்மில் சிலர் காலையில் எடுத்ததைக் காபி குடிக்கும் முன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம்.

நம் தமிழ்நாட்டிலும் நிதானமான படக்காரர் ஒருவர் வந்து போயிருக்கிறார். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் என்ற பதவியோடு 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலுமாக ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பொறுமை என்றால் அது பொறுமை. ஆனால் அவருடைய படங்களில் ஒன்றைக் கவனியுங்கள். ஆள் நடமாட்டமே கிட்டத்தட்ட இருக்காது. அந்தக் காலத்துக் கேமராவில் ஒளி பதிவாக அதிக நேரம் பிடிக்கும், நடந்து போகிறவர் படத்தில் விழ மாட்டார். மதுரை இருக்கிறது, மதுரைக்காரர்கள் இல்லை.

நம் கரையின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். கொற்கை முத்து என்றால் உலகத்துக்கே தெரியும். கிரேக்க மொழியில் எழுதிய பெரிப்ளஸ் என்ற பழைய கடற்பயணக் குறிப்பு கொற்கையைச் சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. முத்தின் புகழ் ரோமாபுரி வரை போனது. மூச்சை அடக்கி இறங்கினவன் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் கழித்து, சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல் சங்கைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இங்கே குளித்தெடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாவது வரை அதில் உண்டு. நல்ல வேலை. ஆனால் அது வெளியிலிருந்து வந்தவர் செய்த வேலை. நம் ஊர்க்காரர் கையில் கேமரா வந்த பிறகு நாம் என்ன எடுத்து வைத்திருக்கிறோம்?

வங்கியில் பல வருடம் பாஸ்புக்கில் படம் ஒட்டுகிற வேலை என்னிடம்தான் இருந்தது. திரேஸ்புரத்திலிருந்து கடல் தொழில் செய்கிறவர்கள், உப்பளத்துக்காரர்கள், தோணியில் போகிறவர்கள், எல்லோரும் ஸ்டாம்ப் அளவு படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். தலையை வாரி, சட்டைக் காலர் பொத்தானைப் போட்டு, ஸ்டூடியோவின் நீலத் திரைக்கு முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கும்.

அவர்களில் சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர். நாற்பது வருடம் கடலுக்கு அடியில் போய் வந்தவர். மாதம் ஒருமுறை கவுன்டரில் நின்று, தண்ணீருக்குள் காது எப்படி அடைக்கும், எந்தப் பாரில் எந்தக் காற்றுக்கு இறங்கக் கூடாது என்றெல்லாம் சொல்வார். நான் கேமரா வாங்குவதற்கு முன்பே இறந்துபோனார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, அது நான் பாஸ்புக்கில் ஒட்டிய படம். பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கலங்கிப்போயிருந்தது. துக்கம் கேட்கப் போனபோது மகன் சொன்னார்: "வேற படமே இல்ல சார். அப்பா கடலுக்குப் போற மாதிரி ஒண்ணுகூட இல்ல."

நம் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1955 முதல் 1961 வரை. அந்தக் கடைசி வருடத்தில் இருபது வயதில் இறங்கியவர் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவர்கள் வீட்டுச் சுவர்களிலும் இதே கதைதான் இருக்கும் என்பது என் அனுமானம். 1973ல் நம் ஊரில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது விஞ்ஞானம், பாராட்ட வேண்டியது. கல்லோடு கயிற்றைப் பிடித்து இறங்கிய மனிதர்களை இனி யாரும் வளர்த்துக் காட்ட முடியாது.

இனி நம் ஊருக்குள் நடப்போம்.

முதலில் பீச் ரோடு. பனிமய மாதா கோயிலை எல்லோரும் எடுக்கிறோம், திருவிழாவில் இன்னும் அதிகம். இப்போதுள்ள கோயில் 1713ல் கட்டி முடித்தது. அதே பக்கத்தில் டச்சுக்காரர்கள் 1750ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அதை நின்று பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் படகும் ஆளும் கருநிழலாகத்தான் விழும். அழகாக இருக்கும், ஆனால் முகம் தெரியாது. மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். வெளிச்சம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து வலை பின்னுகிறவர் முகத்தில் நேராக விழும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரே இடத்துக்குப் பத்துத் தடவை போனதில் தெரிந்தது.

பழைய துறைமுகத்துப் பக்கம் தோணிகள். மரத்தில் கட்டிய இந்தத் தோணிகள் ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குப் போயின. இப்போது எஞ்சின் வைத்துக் காய்கறி, கட்டுமானச் சாமான் என்று மாலத்தீவுக்குப் போகின்றன. கட்டுகிற தச்சருக்கு ஓடாவி என்று பெயர். ஒரு பலகையை வளைத்துப் பொருத்துவதை ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை போனபோதுதான் பெரிய ஓடாவி என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அன்றைக்குத்தான் கேமராவைப் பையிலிருந்து எடுத்தேன். ஒரு விஷயம் கவனிக்கவும். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் படமெடுக்கக் கூடாது. காவலாளியிடம் வாதாட வேண்டாம், அவர் தன் வேலையைச் செய்கிறார்.

உப்பளத்தைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். ஏனென்றால் வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் இங்கே வருவதே அதற்காகத்தான். குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு எடுக்கும் பகுதி நம்முடையது. வெள்ளை அம்பாரம், நீல வானம், தலையில் கூடையோடு வரிசையாகப் பெண்கள். போட்டிகளில் பரிசு வாங்கிய படங்கள் இதில் எத்தனையோ.

வெளிச்ச விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பின் வெள்ளையைப் பார்த்து கேமரா ஏமாந்துபோகும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். உப்பு சாம்பல் நிறத்தில் விழும், மனிதர் முகம் கறுத்துப்போகும். செல்போனில் எடுக்கிறவர்கள் முகத்தின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். சரியாகிவிடும். நமக்கே அரை மணி நேரத்தில் கண் கூசுகிறது. அந்தக் கூச்சத்தில் வருடக்கணக்காக வேலை செய்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே வேலையை ஆரம்பிப்பது வெயிலுக்குப் பயந்துதான்.

ஒரு நாள் காலை எட்டரை மணி இருக்கும். வேலைக்கு நடுவில் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவரிடம், "ஒரு படம் எடுத்துக்கலாமா தாயி?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போயி என்ன செய்வீய அண்ணாச்சி?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "எத்தன பேரு வந்து எடுத்துட்டுப் போயிருக்காவ. காரு போட்டு வாராவ. ஒருத்தராவது கொண்டாந்து காட்டுனாவளா?"

கொண்டுவந்து தருகிறேன் என்றேன். சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "வேல செய்யுற மாதிரி வேண்டாம். நிக்குற மாதிரி எடுங்க." எழுந்து, முகத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, தண்ணீர் தொட்டுத் துடைத்து, அம்பாரத்துக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றார். போட்டிக்கு அனுப்பினால் அந்தப் படத்துக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. ஸ்டூடியோப் படம் மாதிரி விறைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே முடிவு செய்த படம்.

அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தை அல்ல. "அம்பாரம் நல்லா விழுந்திருக்கு" என்றார். அந்தக் குவியலில் பாதி அவர் வாரிச் சுமந்தது. அதைத்தான் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கே இன்னும் ஆறு பேர் நின்றார்கள். இப்போது அந்தப் பக்கம் போனால், "படக்கார அண்ணாச்சி வந்தாச்சு" என்கிறார்கள். ஒரு பிரிண்ட் என்ன ஆகிவிடப்போகிறது, ஒரு டீ வடைச் செலவு.

உப்பு வாருவது வெயில் காலத்து வேலை. வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாத்திகளில் தண்ணீர் நின்று, அம்பாரங்களை மூடி வைத்துவிடுவார்கள். அப்போது அங்கே யாரும் படமெடுக்கப் போவதில்லை. நான் போயிருக்கிறேன். வேலை இல்லாத மாதங்களில் அந்தக் குடும்பங்கள் எப்படி ஓட்டுகின்றன என்பது அப்போதுதான் காதில் விழும். கேமராவுக்கு அங்கே வேலை குறைவு, காதுக்கு நிறைய.

கடைசியாகக் கொற்கை. நம் குடியிருப்பிலிருந்து இரண்டு குடும்பங்கள் போய்விட்டு வந்து, "அங்கே ஒன்றுமே இல்லையே சார்" என்றார்கள். பத்து நிமிடம் நின்றால் ஒன்றும் இல்லைதான். ஏரல் பக்கம் வயலும் வாழையுமாக ஒரு சிற்றூர். பாண்டியரின் துறைமுகம் என்கிறோம், ஆனால் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் துறைமுகத்தை மூடிவிட்டது. 1968-69ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது. அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலத்தைக் கணித்ததில் கிறிஸ்து பிறப்பதற்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தையது என்று வந்தது. 2021லும் அகழாய்வு நடந்தது.

அங்கே குளக்கரையில் ஒரு பழைய வன்னிமரம் உண்டு. அடிமரம் படுத்துக் கிடப்பது போல வளைந்து போகும். ஊர்க்காரர்கள் அதற்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள். வயதை நான் சரிபார்க்கப் போவதில்லை. ஒரு பகல் முழுக்க அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்கிறவர் வந்தார், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், ஒரு பாட்டி மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். கொற்கையில் எடுக்க வேண்டிய படம் பழைய துறைமுகம் இல்லை. அது மண்ணுக்கடியில் இருக்கிறது. துறைமுகத்தின் மேல் குடியிருக்கிறவர்களை எடுக்கலாம்.

நேரம் முடியப்போகிறது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஹாலின் சுவரில் சுவிட்சர்லாந்துப் பனிமலை தொங்குகிறது. யார் வாங்கி மாட்டியது என்று இப்போது கேட்க வேண்டாம். அந்தச் சுவரை ஒரு வருடத்துக்கு எனக்குக் கொடுங்கள். நம் வீடுகளிலிருந்து ஆறு பேர் சேர்ந்தால் போதும். ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்வோம். அதற்கு மூன்று முறை போவோம். முதல் முறை கேமரா பையிலேயே இருக்கட்டும். இரண்டாவது முறை கேட்டுவிட்டு எடுப்போம். மூன்றாவது முறை பிரிண்டோடு போவோம். சுவரில் மாட்டுவதற்கும் அவர்கள் சம்மதம் கேட்போம். குழந்தைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேட்போம். வேண்டாம் என்றால் வேண்டாம். படத்தின் பின்னால் பெயர், ஊர், தேதி, என்ன வேலை, எல்லாம் பேனாவால் எழுத வேண்டும். இந்தக் கிளார்க்கின் பிடிவாதம் அது. பெயர் எழுதாத படம் என்னைப் பொறுத்தவரை கையெழுத்து இல்லாத செக்.

இன்னொன்று, அடுத்தவர் முகத்தை நம் வாட்ஸ்அப் குரூப்பில் 'குட் மார்னிங்' போட்டு அனுப்ப வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஹார்வி மில்லில், துறைமுகத்தில், உப்பளத்தில், தோணியில் வேலை பார்த்தவர்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியில் பழைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள். என் செல்போனில் நகல் எடுத்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன், பெட்டியை விட்டுப் பிரிய வேண்டாம்.

முதல் நடை அடுத்த ஞாயிறு, திரேஸ்புரம். மாலை நான்கு மணிக்கு மெயின் கேட் பக்கம் கூடுவோம். தொப்பி, தண்ணீர் பாட்டில், வழுக்காத செருப்பு. ஆறரைக்குள் திரும்பிவிடலாம், வழியில் மக்ரூன் வாங்குகிற செலவு என்னுடையது. கேமரா இல்லாதவர்களும் வாருங்கள். பிரிண்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஆள் தேவைப்படும்.